ஊருணிக் கரை விளக்கும் ஒன்பதாம் வகுப்பும்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஊருணியின் படித்துறையில் ஒரு சோலார் விளக்குக் கம்பம் நிற்கிறது. வைத்த புதிதில் இரண்டு வருடம் எரிந்தது என்கிறார் டீக்கடைக்காரர். ஒன்றரை வருடம்தான் என்கிறார் எதிர்வீட்டு ஆச்சி. அணைந்து மூன்று வருடம் ஆயிற்று என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை. கம்பத்தில் எழுதியிருந்த புகார் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே புழக்கத்தில் இல்லை என்றது பதிவுக் குரல்.

நான் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வகுப்பும் என் தலையில்தான் இருக்கிறது. போன ஆண்டு மின்சாரத் துறையை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் அனல், புனல், அணு, காற்று, சூரியன் என்று ஐந்து கட்டம் போட்டு, நெய்வேலி, கூடங்குளம், முப்பந்தல், கமுதி என்று இடங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் வேலைகளின் பெயர்களை வரிசையாக எழுதினேன். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. "என்னவாகப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு வழக்கமான பதில்களே வந்தன: இன்ஜினியர், நர்ஸ், போலீஸ், சிங்கப்பூர். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் என்பதும் ஒரு தொழில்.

கொத்தனார் மகள் ஒருத்தி மட்டும் எழுந்து, "சோலார் என்றால் ஊருணி விளக்கு மாதிரியா டீச்சர்? அதுதான் எரியாதே" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. 648 மெகாவாட் கமுதிச் சூரிய மின் நிலையத்தைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அவள் கண்ணால் பார்த்திருக்கும் ஒரே சூரிய மின்சாரம் செத்துப்போன அந்தக் கம்பம்தான்.

அந்த விளக்கை மறுபடி எரிய வைப்பது என்று முடிவு செய்து, ஆடி முதல் சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்பில் விருப்பப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர், அவர்களில் ஆறு பெண்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். ஊராட்சித் தலைவரிடம் போனபோது, "எரிந்தால் சந்தோஷம் டீச்சர், கம்பத்தை மட்டும் சாய்த்துவிடாதீர்கள்" என்று அனுமதி கொடுத்தார். முன்பு என்னிடம் படித்த தம்பி ஒருவர் உரிமம் பெற்ற வயர்மேன். ஏணியில் ஏறுவது அவர் மட்டும் என்று முடிவு செய்தோம். அமிலம் இருக்கும் பழைய பேட்டரியைத் திறப்பதும் அவரும் நானும்தான், அதுவும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. பிள்ளைகள் அளப்பார்கள், எழுதுவார்கள், கணக்குப் போடுவார்கள், இறக்கி வைத்த பொருள்களைக் கழற்றி மாட்டுவார்கள்.

பேனலின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் 75 வாட், திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது பேனல் தருவது) 21.6 வோல்ட் என்று இருந்தது. நண்பகலில் மல்ட்டிமீட்டரை வைத்தால் 19.3 காட்டியது. "பேனல் போச்சு டீச்சர்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் தீர்ப்பு எழுதினார்கள். பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் தோழியிடம் இரவல் வாங்கி வந்த வெப்பமானியைப் பேனலை நோக்கிக் காட்டச் சொன்னேன். 62 டிகிரி. தாளில் இருக்கும் எண்கள் எல்லாம் 25 டிகிரியில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில் எடுத்தவை. சிலிக்கான் செல்லுக்கு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 0.3 சதவீதம் குறையும். 37 டிகிரி ஏறியிருக்கிறது. அப்படியானால் சுமார் 11 சதவீதம் போய்விட வேண்டும். 21.6-இல் 11 சதவீதம் கழித்தால் 19.2.

கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டதைப் பார்த்து அவர்கள் என்னை ஏதோ மந்திரக்காரியைப் போலப் பார்த்தார்கள். வெயில் கொளுத்தினால் சோலார் கொழிக்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதன் எதிரி. மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பையன்கள் தாங்களாகவே போய் வயர்மேனைப் பிடித்து அளக்கச் சொல்லி, 20.8 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றும் அன்றைக்குக் கிடைத்தது. பேனல் தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்கிறது. நண்பகலில் எங்கள் நிழலும் தெற்கேதான் விழுந்தது. சூரியன் எங்களுக்கு வடக்கே நின்றது என்று பொருள். காரைக்குடி 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இப்படித்தான். "அப்படியென்றால் தப்பாக வைத்துவிட்டார்களா?" என்று கேட்டான் ஒருவன். இல்லை, ஆண்டின் மீதி மாதங்களில், முக்கியமாக மழையும் மூட்டமும் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில், சூரியன் தெற்கே போய்விடும், அப்போதுதான் ஒவ்வொரு துளி வெளிச்சமும் வேண்டும்.

அடுத்தது பேனலின் முகம். ஊருணிக்கு வரும் கொக்கும் நாரையும் மூன்று வருடமாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தன. கழுவுவதற்கு முன்னால் 3.2 ஆம்பியர், வயர்மேன் ஈரத்துணியால் துடைத்த பிறகு 4.1.

பேனல் பிழைத்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் அமைதியானார்கள். 12 வோல்ட், 75 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி. மீட்டர் 4.6 வோல்ட் காட்டியது. மூடிகளைத் திருகி எடுத்து டார்ச் அடித்தால் ஆறு அறைகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தகடுகள் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜ் ஆவதை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்தது. அதன் முனைகளில் பச்சைக் களிம்பு.

"இதற்கு யார் தண்ணீர் ஊற்ற வேண்டும்?" என்று கேட்டாள் கொத்தனார் மகள்.

நல்ல கேள்வி. சில மாதங்களுக்கு ஒரு முறை வடிகட்டிய நீர் ஊற்ற வேண்டிய பேட்டரி அது. கம்பத்தை நட்டவர்களுக்கு நடுவதோடு வேலை முடிந்தது. ஊராட்சியில் அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ஆச்சி முகப்பில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்று விசாரித்தார். விவரம் கேட்டதும், "எங்கள் ஐயா காலத்தில் இந்தப் படித்துறையில் அரிக்கேன் விளக்கு மாட்டுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். மண்ணெண்ணெய்க் காசு எங்கள் வீட்டுப் பேரேட்டில் எழுதுவார்கள். ஆள் போடாமல் விளக்குப் போட்டால் எப்படி எரியும்?" என்றார். கரும்பலகையில் நான் எழுதிய பட்டியலில் பராமரிப்பு என்ற சொல்லே இல்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது.

பழைய பேட்டரியைக் காய்லாங்கடையில் போட்டால் காசு கிடைக்கும் என்றான் ஒரு பையன். கிடைக்கும், அங்கே அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகையைச் சுவாசிப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொண்டோம்.

எந்த பேட்டரி வாங்குவது என்பதை அவர்களிடமே விட்டேன். செம்பூராங்கல் படியில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டார்கள். விளக்கு 12 வாட், இரவு 12 மணி நேரம், ஆக 144 வாட் மணி. அடைமழையில் இரண்டு இரவு தாங்க வேண்டும் என்றால் 288. அதே 75 ஆம்பியர் மணி ஈய பேட்டரி 900 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் வரும் என்பதால் 450. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 30 ஆம்பியர் மணி என்றால் 384. அதில் 80 சதவீதம் எடுத்தாலும் 307 கிடைக்கும். இரண்டுமே போதும். விலையில் ஈயம் கொஞ்சம் மலிவு. "இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமே" என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டில் ஒன்பது பேர் லித்தியத்துக்குக் கை தூக்கினார்கள். 8,400 ரூபாய். ஆச்சி ஐயாயிரம் கொடுத்தார். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார். மீதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் நானும் போட்டோம்.

இனி என் அவமானத்தைச் சொல்ல வேண்டும். புதிய சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகு பேனல், கடைசியில் விளக்கு. பேட்டரியைப் பார்த்துத்தான் அது தன்னை 12 வோல்ட் அமைப்பு என்று புரிந்துகொள்ளும். கழற்றும்போது நேர் எதிர் வரிசை. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் கைக்கு முதலில் வந்த பேனல் கம்பியைச் சொருகித் திருகினேன். சத்தமில்லை, புகையில்லை. திரையில் எழுத்து ஒரு முறை வந்தது, போய்விட்டது. பிறகு பேட்டரியை இணைத்தும் வரவேயில்லை. 750 ரூபாய் இரண்டு நொடியில் போயிற்று. பன்னிரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை எங்களை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "வரிசை தப்பினால் உங்களுக்குப் பெட்டி போகும் டீச்சர். எங்களுக்கு ஆளே போய்விடுவான்" என்றார்.

அன்று மழைக்கு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபடி அவர் பிள்ளைகளுக்கு எல்.சி. என்றால் என்ன என்று சொன்னதைப் போல ஒரு வகுப்பை நான் இன்னும் எடுக்கவில்லை. லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. லைனில் கை வைப்பதற்கு முன்னால் துணை மின் நிலையத்தில் எழுத்து மூலம் வாங்க வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கத்திகள் பிரிந்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்து, பூட்ட வேண்டும். பிறகு கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதிக்க வேண்டும். இல்லை என்று தெரிந்த பிறகும் வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் இடுப்பு பெல்ட். வேலை முடிந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆள்களைத் தலை எண்ணிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையாலேயே நடித்துக் காட்டினார். ராடு மாட்டும்போது அவர் உடம்பு தானாகவே ஓர் அடி பின்னால் சாய்ந்தது.

"கரண்ட்தான் இல்லையே, பிறகு எதற்கு எர்த் ராடு?" என்று கேட்டான் மெஸ்காரர் மகன்.

"உன்னை மாதிரி ஒருவன் வீட்டில் ஜெனரேட்டர் போடுவான். வீட்டை லைனிலிருந்து பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் நேராகச் சொருகியிருப்பான். அவன் வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் மேலே 11,000 ஆகி நிற்கும். ஒரு தடவை எனக்கு ராடு மாட்டும்போது பொறி பறந்தது. மாட்டாமல் ஏறியிருந்தால் இப்போது உன்னோடு டீ குடித்துக்கொண்டிருக்க மாட்டேன்."

இந்த இடத்தில் ஒரு பையன், "ஓ, அதனால்தானா!" என்றான். அவன் வீட்டு மொட்டை மாடியில் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போட்டிருக்கிறார்கள். 78,000 ரூபாய் மானியம் வந்ததாம். கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் அவன் வீட்டு சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அவன் அப்பா அதை ஏமாற்று வேலை என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். மின் கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஒருவர் கை வைத்திருக்கக்கூடும் என்பதுதான் காரணம். பாடநூலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அது தெரியும். அந்தப் பையனுக்குப் பெயர் தேவைப்படவில்லை. "அப்பாவிடம் சொல்ல வேண்டும்" என்று மழையிலேயே ஓடினான்.

இடைக்குறிப்பாக ஒன்று. எங்கள் ஊரில் வீடுகள் கோட்டை போல இருக்கின்றன. இவ்வளவு பெரிய கூரைக்கு எத்தனை கிலோவாட் போடலாம் என்று பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். பெரும்பாலான கூரை நாட்டு ஓடு. நாலு பக்கமும் வீட்டின் நடு முற்றமான வளவை நோக்கிச் சரிவது. ஆள் ஏறினாலே ஓடு நொறுங்கும். மொட்டை மாடியாக இருக்கும் பகுதி கொஞ்சம்தான். பத்து லட்ச ரூபாய் பர்மா தேக்கு தாங்கும் வீட்டில் ஆறு பேனலுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. மேற்கூரை பார்த்து, நிழல் அளந்து, எங்கே எத்தனை வைக்கலாம் என்று வரைந்து கொடுப்பதே ஒரு முழு நேர வேலை என்று சொன்னபோது, இந்த முறை யாரும் ஸ்கேல் தேடவில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றி வைத்து, இணைப்பை ஒரு பெண் வரிசையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தி திருகினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாலை ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்தது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் பால்பன் கொடுத்தார்.

இரவு ஒன்றரை மணிக்கு அணைந்துவிட்டது.

தூக்கம் வராத ஆச்சி பார்த்துச் சொன்ன நேரம் அது. மறுநாளும் அப்படித்தான். இங்கேதான் இரண்டு நாள் நான் முட்டாளானேன். மேற்கே இருக்கும் வேப்பமரத்தின் நிழல் மாலை மூன்று மணிக்குப் பேனலின் ஒரு பாதியில் விழுகிறது. இந்த ஐந்து வருடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. நிழல்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டுப் பேனலின் குறுஞ்சுற்று மின்னோட்டத்தை (இரு முனைகளையும் நேராகச் சேர்த்தால் ஓடுவது) அளந்தால் 2.7 ஆம்பியர், அந்த நேரத்துக்குச் சரியான அளவு. மின்னழுத்தமும் மோசமில்லை. நிழலால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி, கம்பிகளைச் சந்தேகப்பட்டு, முனைகளை எல்லாம் மறுபடி இறுக்கினோம். பயனில்லை.

பேனலை மட்டும் தனியாக அளந்தது என் தவறு. பேட்டரிக்குள் போகும் கம்பியில் மீட்டரை வைக்கலாம் என்று சொன்னது வயர்மேன் தம்பி. வைத்தோம். 0.3 ஆம்பியர். பேனலுக்குள் 36 செல்கள் தொடராக இருக்கின்றன. பாதிப் பாதியாக ஒரு பைபாஸ் டயோடு. ஒரு பாதியில் நிழல் விழுந்தால் அந்தப் பாதியைத் தாண்டி மற்ற பாதியின் மின்னோட்டம் போய்விடும். ஆகவே தனியாக அளக்கும்போது ஆம்பியர் குறையாது. ஆனால் மிச்சமிருக்கும் 18 செல்கள் தள்ளக்கூடியது ஏறக்குறைய 9 வோல்ட்தான். பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: மதில் பதின்மூன்று அடி, ஏணி ஒன்பது அடி. ஏணியில் எத்தனை பேர் ஏறினாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இறங்க முடியாது.

கிளையை வெட்ட வேண்டும். வெட்டக் கூடாது என்றார்கள். அது மாரியாத்தா மரம்; ஆடி மாதத்தில் அதன் மேல் கத்தி வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கும்தான், உண்மையைச் சொன்னால். ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தோம். பூசாரியிடம் கேட்டதற்கு, மரத்தை வெட்டக் கூடாதே தவிர ஆட்டுக்குக் குழை ஒடிப்பதைத் தடுத்ததில்லை என்றார். ஆடு மேய்க்கிறவர் தொரட்டிக் கம்போடு வந்தார். எந்தக் கிளை என்று பிள்ளைகள் நிழலைப் பார்த்துக் கை காட்ட, கிழக்கே நீண்டிருந்த இரண்டு கிளைகளை இழுத்து ஒடித்தார். ஆடுகள் பத்து நிமிடத்தில் மிச்சம் வைக்காமல் தின்றன. மாலை மூன்று மணிக்கு 2.2 ஆம்பியர். அன்று முதல் விளக்கு விடியும் வரை எரிகிறது.

விளக்கு எரிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. "ஊருணி விளக்குக்கு ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கிறோம். ஊருக்கே வருகிற கரண்ட்டை எந்தப் பெட்டியில் சேர்க்கிறார்கள்?" என்று கேட்டாள் ஒருத்தி. பெரும்பகுதியை எங்கும் சேர்ப்பதில்லை. எடுக்கிற கணத்திலேயே யாரோ உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும் என்றேன். நம்பவில்லை. சரி என்று, 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வயர்மேன் தம்பியிடம் சொல்லிப் பாதுகாப்பாகப் பெட்டிக்குள் கட்டி, அதன் வெளியீட்டில் அதிர்வெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைக் காட்டும் மல்ட்டிமீட்டரை வைத்தோம். 50.02. 50.01. 49.98. தேவை கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

டில்லியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகனைத் தொலைபேசியில் அழைத்து, அவனும் அங்கே ஒரு மீட்டரைப் பார்த்துச் சொல்லும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். இங்கே ஒரு பையன் "49.96" என்றான். அங்கிருந்து "49.96". "49.97." "இங்கேயும் 97, பெரியம்மா." பன்னிரண்டு பேரும் மேசை மேல் கவிழ்ந்துவிட்டார்கள். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத்தின் கட்டமைப்பு ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக மற்ற இந்தியாவோடு இணைந்தது. அதிலிருந்து நாடு முழுவதற்கும் நாடித்துடிப்பு ஒன்றுதான். சென்னையில் மாநில மின்பளு பகிர்ந்தளிப்பு மையத்தில் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இரவும் பகலும் முறை வைத்து ஆள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று திடீரென விழுந்தாலும், மேகம் மூடினாலும், மாலையில் சூரியன் இறங்கும் நேரத்தில் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கினாலும், எந்த நிலையத்தை ஏற்றுவது எதை இறக்குவது என்று சொல்வது அவர்கள் வேலை. காற்றும் சூரியனும் கூடக் கூட அந்த வேலை கடினமாகிறது. "கம்பம் ஏறாமல் செய்யும் கரண்ட் வேலையா?" என்று கேட்டவளை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பேட்டரித் தகட்டில் பூத்திருந்த வெள்ளை என்ன என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு விடை எங்கள் ஊர் பஸ் போகும் வழியிலேயே இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலை இந்தப் பிள்ளைகள் நூறு முறையாவது கடந்திருப்பார்கள். 'சிக்ரி ஸ்டாப்' என்று கண்டக்டர் கூப்பிடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் திறந்தார்கள். செப்டம்பர் 26, அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நிறுவன நாளன்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். ஓர் ஆய்வாளர் அம்மா, அந்த வெள்ளை ஈய சல்பேட் என்றும், முழுதாகச் சார்ஜ் ஆகாமலே கிடந்தால் அது படிகமாக இறுகிக் கரையாமல் போய்விடும் என்றும் சொன்னார். வேப்பமர நிழலும் வற்றிய தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை என்று பிள்ளைகள் அவருக்கே துப்பு சொன்னார்கள். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கை விட்டு, பொத்தான் அளவு லித்தியம் செல்லை அடுக்கி மூடுவதைக் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பூக்காரம்மா சரம் தொடுக்கும் விரல் வேகம் அதில் இருந்தது. வேதிப் பொறியியலும் மின்வேதிப் பொறியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பு அந்த வளாகத்திலேயே இருக்கிறது என்பதையும் அன்றுதான் அவர்கள் கேள்விப்பட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் கொத்தனாரின் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், இவள் வயர்மேன் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். பொம்பளைப் பிள்ளை கம்பம் ஏறுமா?" நான் வாய் திறப்பதற்குள் துபாயிலிருந்து திரும்பிய ஒரு தகப்பனார் பேசிவிட்டார். அங்கே ஒன்பது வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தாராம், ஹெல்பர் சம்பளத்துக்கு. "கையில் வேலை இருந்தது, தாள் இல்லை. பக்கத்தில் நின்றவனுக்கு ஐ.டி.ஐ. தாள் இருந்தது, என்னைவிட ஒரு மடங்கு கூட வாங்கினான். பிள்ளை ஆணோ பெண்ணோ, தாள் வாங்கட்டும் அக்கா."

தாள்களின் விவரத்தை நான் சொன்னேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு. சோலார் டெக்னீஷியன் ஓர் ஆண்டு. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ மூன்று ஆண்டு, அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். வேலையில் பழகிக் கற்றவர்களுக்கு அரசு நடத்தும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. சோலார் மட்டும் ஓராண்டு படிப்பதைவிட எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு படித்து, சோலாரை அதன் மேல் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பேனல் பொருத்தும் வேலை குறைந்தால் வீட்டு வயரிங்காவது கை கொடுக்கும். காற்றாலைக்குப் போகிறவர்களுக்கு உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி தனியாக வேண்டும், வீட்டை விட்டு முப்பந்தல் பக்கம் போகவும் வேண்டும். பெண் பிள்ளை கம்பம் ஏறுமா என்பதற்கு, ஏறும், ஏறாமலும் நூறு வேலை இருக்கிறது என்றேன். அவருக்குத் திருப்தி ஆனதாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

இப்போது பேட்டரிப் பெட்டியின் சாவி டீக்கடை ஆணியில் தொங்குகிறது. கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட நாற்பது பக்க நோட்டு. வாரத்துக்கு ஒருவர் முறை. தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரிக்கு எதற்கு ஆள் என்று நான் கேட்டதற்கு, "ஆள் போடாமல் விளக்குப் போட்டால் எப்படி டீச்சர்?" என்று ஆச்சியின் குரலிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நேற்றுப் போய்ப் புரட்டினேன். கொத்தனார் மகளின் கையெழுத்து:

"கார்த்திகை 9. காலை 6.10. பேட்டரி 13.1 வோல்ட். இரவு முழுதும் மழை, விளக்கு எரிந்தது. பேனலில் கொக்கு எச்சம், வயர்மேன் அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஒடித்த கிளை துளிர்த்திருக்கிறது, தை மாதம் ஆட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். பூட்டு துருப்பிடித்து இறுகுகிறது, எண்ணெய் வேண்டும்."

எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.